மீன் உணவும் வைரஸ் நோய்த் தடுப்பும்

குளத்து மீன்களை நோய் பற்றியிருப்பதை மீன் வளர்ப்போர் பெரும்பாலும் முதலில் அறிவது உணவிடும் வேளையிலேயாகும். வழக்கமாக ஓடிவந்து மொய்க்கும் மீன்கள் அன்று வருவதில்லை. இட்ட உணவில் பாதி தட்டிலேயே ஊறிக் கிடக்கும். மீன்கள் செத்து மிதப்பது அதற்குப் பின்னர்தான். நோயுற்ற மீன் உண்பதில்லை. எனவே உணவிற் கலந்து ஊட்டப்படும் எப்பொருளும், அஃது எத்துணை அரிய பொருளாயினும், நோயுற்ற மீனின் குடலைச் சென்றடைவதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவன என்று இன்று விற்கப்படும் துணை உணவுப் பொருள்களின் பயனை ஆராயப் புகுவோர் இவ்வெளிய உண்மையை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இப்பொருள்களின் மூட்டைகள் கடைகளில் மிகுதியாக விலைபோவதோ, அக்கம்பக்கத்துக் குளங்களில் மீன்கள் மடியத் தொடங்கிய பின்னரேயாம்.

மீன் வளர்ப்புத் தொழில் இன்றைய நிலையை எய்திய வரலாற்றை நோக்கினால் வைரஸ் நோய்கள் ஏன் பெருகின என்பது விளங்கும். முற்காலத்தில் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனங்களின் குஞ்சுகளை வெள்ளக் காலத்தில் ஆறுகளிலிருந்து வாரிக்கொண்டு வரவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் ஒரிசா மாநிலத்தின் அங்குல் என்னுமிடத்தில், ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீனைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அன்று தொடங்கிய மாறுதலின் பயனாகக் குஞ்சுகள் வேண்டிய அளவிற் கிடைக்கலாயின. 2022-23ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி ஏறத்தாழ 175 லட்சம் டன். அதில் நான்கில் மூன்று பங்கு உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து கிடைத்தது. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2022ஆம் ஆண்டில் வளர்த்துப் பெற்ற மீன் முதலிய நீர்வாழ் விலங்குகள் 944 லட்சம் டன். பிடித்துப் பெற்றவை 910 லட்சம் டன். வளர்ப்பு, பிடிப்பை விஞ்சியது அவ்வாண்டிலேதான்.

ஆற்றில் பரந்து திரியும் மீனுக்கும், குளத்திலோ கூண்டிலோ தோளோடு தோள் உரச வாழும் மீனுக்கும் நோயைப் பொறுத்தவரை பெரும் வேறுபாடு உண்டு. வைரஸ் தானாகப் பெருகும் ஆற்றல் அற்றது. ஓர் உயிரணுவினுட் புகுந்து, அவ்வுயிரணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக் கொள்வது அதன் இயல்பு. ஒரு மீனின் உடலிலிருந்து வெளிப்பட்ட வைரஸ், நீரிற் சிதைந்து போகுமுன் அடுத்த மீனை அடைந்தாக வேண்டும். ஆற்றில் அவ்வாய்ப்பு அரிது. நெருக்கமான குளத்தில் எளிது.

அண்மைக் காலத்தின் எடுத்துக்காட்டு, ஜிலேபி மீன் என்று நம் மக்கள் அழைக்கும் திலாப்பியாவைப் பற்றியது. எந்த நீரிலும் பிழைக்கும், எந்த நோயையும் தாங்கும் என்று பெயர் பெற்றிருந்த மீன் அது. 2009ஆம் ஆண்டு முதல் இஸ்ரேல் நாட்டின் கலிலேயா ஏரியிலும் அங்குள்ள பண்ணைகளிலும் திலாப்பியா மீன்கள் பெருமளவில் குறையலாயின. 2014ஆம் ஆண்டில் அதற்குக் காரணம் முன்பு அறியப்படாத ஒரு வைரஸ் என்று கண்டுபிடிக்கப்பட்டது. திலாப்பியா ஏரி வைரஸ் என்று பெயரிடப்பட்ட இது 2018ஆம் ஆண்டில் இந்தியாவிலும் இருப்பதாக ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். திலாப்பியாவின் உறுதி பற்றிய பழைய நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது.

பாக்டீரியாவினால் வரும் நோய்க்கு ஆன்டிபயாடிக் மருந்துகள் உண்டு. அவை வைரஸை ஒன்றும் செய்யமாட்டா. எனினும், நோய் இன்னதென்று தெரியாத கலக்கத்தில் அவற்றைக் குளத்தில் கொட்டும் வழக்கம் பல இடங்களில் இருந்து வந்திருக்கிறது. இதனால் பணம் வீணாவதோடு, மருந்தின் எச்சம் மீனிலும் இறாலிலும் தங்கிவிடின் ஏற்றுமதிச் சரக்கு திருப்பியனுப்பப்படுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் குளத்தில் பெருகுகின்றன. தடுப்பூசியோ உறுதியான வழி. நார்வே நாட்டில் 1987ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் மருந்துகளை விழுங்கிய சால்மன் பண்ணைகள், பாக்டீரியா நோய்களுக்குத் தடுப்பூசிகள் வந்தபின் 1990களின் நடுவில் ஒரு டன் அளவுக்கு இறங்கி வந்தன. ஆனால் ஒவ்வொரு மீனாக எடுத்து ஊசி குத்துவது விலையுயர்ந்த சால்மனுக்கு ஏற்கும். ஏக்கருக்குப் பல்லாயிரம் குஞ்சுகள் விடப்படும் குளத்துக்கு எளிதில் ஏலாது. வைரஸ் நோய்கள் பலவற்றுக்குத் தடுப்பு மருந்தே இன்னும் வரவில்லை. இவ்விடைவெளியிலேதான் உணவின் மூலம் மீனின் உடலையே வலுப்படுத்தலாம் என்னும் எண்ணம் தோன்றியது.

மீனின் உடல் நோயை எவ்வாறு எதிர்க்கிறது என்பதை முதலிற் காண்போம். அதன் முதல் அரண் தோலின்மீது படர்ந்துள்ள வழுவழுப்பான கோழைப்படலம். கிருமிகளைச் சிக்க வைத்துக் கழுவி அகற்றுவதோடு, அவற்றைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் நொதியையும் அது தாங்கி நிற்கிறது. முரட்டு வலையால் வாரப்பட்ட மீன் சில நாட்களில் நோயுறுவதற்கு இப்படலம் உரிந்து போவதும் ஒரு காரணமாம். இரண்டாம் அரண் உடலினுள்ளே உள்ளது. மனிதரைப் போல மீனுக்கு எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உண்டாவதில்லை. தலைக்குப் பின்னால் அமைந்துள்ள தலைச் சிறுநீரகம் என்னும் உறுப்பே அவ்வேலையைச் செய்கிறது. அங்கிருந்து புறப்படும் விழுங்கணுக்கள் கிருமிகளைக் கண்டவிடத்து விழுங்கி, வீரியமிக்க ஆக்சிஜன் சேர்மங்களை உமிழ்ந்து அவற்றைக் கொல்கின்றன. இவ்விரு அரண்களும் கிருமி எதுவென்று பார்ப்பதில்லை, எதையும் எதிர்ப்பன.

மூன்றாவது அரண், குறிப்பிட்ட ஒரு கிருமியை அடையாளங் கண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள்களை உண்டாக்குவது. தடுப்பூசி தூண்டுவது இதையே. இது உருவாகச் சில வாரங்களாகும். மீன் தன் உடலின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அற்றதாகையால், நீர் குளிரக் குளிர எதிர்ப்பொருள் உண்டாவதும் தாமதமாகிறது. வைரஸோ சில நாட்களிற் குளத்தைக் காலி செய்துவிடும். ஆகவே இவ்வோட்டத்தில் முதல் சில நாட்களைத் தாக்குப்பிடிப்பது மீனின் பொதுவான எதிர்ப்புச் சக்தியைப் பொறுத்ததாகிறது.

வைரஸைப் பொறுத்தமட்டில் அப்பொதுச் சக்தியின் மிக முக்கியமான கருவி இன்டர்பெரான் என்னும் புரதம். அங்குலில் கெண்டை முட்டையிட்ட அதே 1957ஆம் ஆண்டில்தான், லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்னும் இருவர் கோழி முட்டையின் சவ்வில் இன்புளுவென்சா வைரஸைக் கொண்டு செய்த பரிசோதனைகளில் இதைக் கண்டறிந்தனர். வைரஸ் புகுந்த உயிரணு, தான் அழியுமுன் இப்புரதத்தை வெளியிடுகிறது. அதைப் பெற்ற பக்கத்து உயிரணுக்கள், வைரஸ் தம்முட் புகுந்தாலும் பெருக முடியாதபடி தம்மைப் பூட்டிக் கொள்கின்றன. மீன்களின் இன்டர்பெரான் மரபணுக்கள் 2003ஆம் ஆண்டில் தெளிவாக அறியப்பட்டன. உணவுப் பொருள் ஒன்று வைரஸ் நோயைத் தடுக்குமா என்று கேட்பவர், அது விழுங்கணுக்களை மட்டும் தூண்டுகிறதா, இன்டர்பெரானையும் பெருக்குகிறதா என்று தொடர்ந்து கேட்பது முறையாகும்.

இனி, உணவிற் சேர்க்கப்படும் பொருள்களை நோக்குவோம். இவற்றுள் இரு வகை உண்டு. ஒன்று, குறைந்தால் உடல் நலியும் சத்துகள். மற்றொன்று, சத்து அல்லாவிடினும் உடலின் காவற்படையைத் தட்டியெழுப்பும் பொருள்கள். விளம்பரங்களில் இரண்டும் ஒரே பையில் அடைபட்டு வருவதால் குழப்பம் நேர்கிறது.

முதல் வகையில் தலையாயது வைட்டமின் சி. ஆடு, மாடு, கோழி ஆகியவை இதைத் தம் உடலிலேயே ஆக்கிக் கொள்கின்றன. மனிதனைப் போலவே கெண்டை, திலாப்பியா, கொடுவா முதலிய மீன்களுக்கும் இதை ஆக்கும் கடைசி நொதி இல்லை; உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். இது குறைந்த மீனுக்கு முதுகெலும்பு வளையும், புண் ஆறாது, விழுங்கணுக்களின் வேகம் குன்றும். சாதாரண வளர்ச்சிக்குக் கிலோ உணவுக்கு ஏறத்தாழ 20 முதல் 50 மில்லிகிராம் போதுமானது. நோய் எதிர்ப்பை உயர்த்தக் கருதிய பரிசோதனைகளில் அதைப்போற் பத்து மடங்கும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்திருக்கின்றனர். ஆனால் சாதாரண அஸ்கார்பிக் அமிலம் உணவை உருண்டைகளாக ஆக்கும்போது எழும் வெப்பத்திலும், மூட்டை கிடங்கிற் கிடக்கும் மாதங்களிலும் பெரும்பகுதி அழிந்துவிடும். எஞ்சியதும் நீரிற் கரைந்து போகும். அதனால் இன்று பாஸ்பேட்டுடன் பிணைத்த நிலையான வடிவம் பயன்படுகிறது. மூட்டை வாங்குவோர் பார்க்க வேண்டியது அளவை மாத்திரமல்ல, வடிவத்தையும் தயாரித்த நாளையுமாம்.

பசுமை படர்ந்த கெண்டைக் குளத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களிலிருந்தே மீன் இவ்வைட்டமினை ஓரளவு பெறுகிறது. சிமெண்டுத் தொட்டியிலும் மிதவைக் கூண்டிலும் வாழும் மீனுக்கு அவ்வழி இல்லை; இட்டதே உணவு. ஆகவே ஒரே பொருள் கூண்டில் நல்ல பயனையும் குளத்தில் சிறிதளவே பயனையும் தருவது வியப்புக்குரியதன்று. வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் ஆகியவற்றின் கதையும் இத்தகையதே.

இரண்டாம் வகையில் மிகவும் ஆராயப்பட்டது, ரொட்டி மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்டின் உயிரணுச் சுவரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பீட்டா-குளுக்கான். குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது இது. மீனின் உடலில் இயல்பாக இல்லாத பொருளாகையால், இதைக் கண்ட விழுங்கணுக்கள் பூஞ்சைக் கிருமி ஏதோ புகுந்துவிட்டது என்று கருதி விழிப்புற்றுக் கிளர்ந்தெழுகின்றன. உண்மையில் கிருமி ஏதுமில்லை. ஒத்திகை நடைபெறுகிறது என்றே சொல்லலாம். 1990ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஈஸ்ட் குளுக்கானை ஊசி மூலம் சால்மன் மீன்களுக்குச் செலுத்தி, விப்ரியோ முதலிய பாக்டீரியா நோய்களை அவை முன்னிலும் நன்கு தாங்கக் கண்டனர். அதன் பின்னரே குளுக்கான் மீன் உணவுத் தொழிலில் இடம்பெற்றது.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. குளுக்கானைப் பற்றிய சான்றுகளில் வலிமை வாய்ந்தவை பாக்டீரியா நோய்களைப் பற்றியவை. விழுங்கணு பாக்டீரியாவை நேரே விழுங்கிவிடும். வைரஸோ உயிரணுவினுள் ஒளிந்திருக்கிறது. விழிப்புற்ற விழுங்கணுக்கள் வெளியிடும் அறிகுறிப் பொருள்களால் வைரஸ் எதிர்ப்பும் ஓரளவு உயர்வது உண்மையே. ஆயினும் அஃது இரண்டாம் நிலைப் பயன். பாக்டீரியாவின்மேற் கிட்டிய வெற்றியை வைரஸின் கணக்கிலும் வரவு வைப்பது வணிகத் துண்டுப் பிரசுரங்களில் காணப்படும் வழக்கம்.

வைரஸையே நேராக வைத்துச் செய்த பரிசோதனைகளும் உள. தைவானில் 2009ஆம் ஆண்டில், தயிரிலும் ஊறுகாயிலும் காணப்படும் லாக்டோபாசில்லஸ் இனத்து நல்ல பாக்டீரியாவை உணவிற் சேர்த்து வளர்த்த கலவா மீன்கள், இரிடோ வைரஸைப் பிற மீன்களினும் நன்கு தாங்கின. திலாப்பியா ஏரி வைரஸைக் கொண்டு தாய்லாந்தில் நடந்து 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பாசில்லஸ் இனத்தைச் சேர்த்த உணவை உண்ட மீன்களில் இறப்பு குறைந்தது. குறைந்த அளவு பெரிதன்று. நியூக்ளியோடைடுகள் என்னும் பொருள்களை உணவிற் பெற்ற சால்மன் மீன்கள் இரத்தச் சோகை வைரஸை ஓரளவு தாங்கியதாக 2001ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. விரைந்து பெருக வேண்டிய காவல் உயிரணுக்களுக்கு நியூக்ளியோடைடு கட்டடச் செங்கல் போன்றது.

இவை எல்லாவற்றிலும் சிந்தனைக்குரியது சால்மனின் இதய நோய் பற்றிய ஆய்வு. 1999ஆம் ஆண்டில் நார்வேயிற் கண்டறியப்பட்ட இந்நோயில் இதயத் தசையும் உடல் தசையும் அழன்று வீங்கும். இதனுடன் தொடர்புடைய ரியோ வைரஸ் 2010ஆம் ஆண்டில் அறியப்பட்டது. 2012ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனை ஒன்றில், கொழுப்பைக் குறைத்து, மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலத்தைக் கூட்டி ஆக்கிய உணவு வழங்கப்பட்டது. வைரஸ் மீன்களை விட்டு நீங்கிவிடவில்லை; ஆனால் அவற்றின் இதயத்தில் உண்டான சிதைவு மற்ற மீன்களில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. வைரஸ் நோயில் உண்டாகும் கேட்டிற் பெரும்பகுதியை உடலின் சொந்த அழற்சியே விளைவிக்கிறது. தீயை அணைக்க ஊற்றிய நீரே சுவரை இடித்துவிடுவது போன்ற நிலை இது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதே நன்று, மேலும் தூண்டுவது மேலும் நன்று என்னும் கொள்கை எல்லா இடத்தும் பொருந்தாது என்பதற்கு இவ்வாய்வு தக்க சான்று.

நம் நாட்டு மூலிகைகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். வேம்பு, துளசி, மஞ்சள், அமுக்கரா ஆகியவை மீன் உணவிற் சோதிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் மேல்விசாரத்திலுள்ள கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள், 1994ஆம் ஆண்டு முதல் இந்தியக் கடற்கரையின் இறால் பண்ணைகளைப் பாழ்படுத்திய வெண்புள்ளி வைரஸுக்கு எதிராகப் பல மூலிகைகளைச் சோதித்து, அறுகம்புல்லின் சாறு சேர்த்த உணவு புலி இறாலுக்கு நல்ல காப்பு அளித்ததாக 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இறால் மீனினம் அன்று; எதிர்ப்பொருள் உண்டாக்கும் மூன்றாம் அரண் அதற்கு இல்லை. பொது எதிர்ப்புச் சக்தி ஒன்றையே நம்பியிருக்கும் உயிராகையால் இத்தகைய ஆராய்ச்சிக்கு அது ஏற்றது. எனினும் ஆய்வுக்கூடத்துத் தொட்டியிற் கண்ட பயனைக் குளத்திற் காண்பதற்கு ஒரு தடை உண்டு. மூலிகையின் வீரியம் விளைந்த மண்ணையும் பறித்த பருவத்தையும் பொறுத்து மாறும். ஒரு மூட்டை அறுகும் மற்றொரு மூட்டை அறுகும் ஒன்றல்ல.

எப்பொழுது, எத்தனை நாள் கொடுப்பது என்பது பொருளைத் தேர்வதைவிட முக்கியமானது. ஜப்பானில் 1993ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பாக்டீரியாச் சுவரின் பெப்டிடோகிளைக்கான் என்னும் பொருளை 28 நாட்கள் உண்ட டிரவுட் குஞ்சுகள் நோயை நன்கு தாங்கின. அதையே 56 நாட்கள் உண்டவற்றில் அக்காப்புக் காணப்படவில்லை. ஓயாது மணியடித்துக்கொண்டே இருந்தால் காவலர் செவி சாய்க்கமாட்டார். ஆகவே நோய்க்காலம் தொடங்குவதற்கு முந்திய மூன்று நான்கு வாரங்களிலும், குஞ்சுகளை இடம் மாற்றுவதற்கு முன்னரும், பருவமாற்றத்தில் நீரின் உஷ்ணநிலை பிறழும் நாட்களை ஒட்டியும் கொடுத்து, இடையில் நிறுத்துவதே ஏற்ற முறை. விதை விட்ட நாள் முதல் அறுவடை வரை இடைவிடாது கலப்பதால் இலாபமடைவோர் மூட்டை விற்போரே.

மீன் குஞ்சு மிகச் சிறிதாயிருக்கும் பருவத்தில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. கொடுவா மீன் இதற்கு நல்ல உதாரணம். சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997ஆம் ஆண்டில் முட்டுக்காட்டில் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனம் பெருக்குவதில் வெற்றி கண்டனர். அக்குஞ்சுகளை அழிக்கும் கொடிய பகை நரம்பு நசிவு வைரஸ். 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் முதலில் கவனிக்கப்பட்ட இந்நோயில், வைரஸ் மூளையிலும் விழித்திரையிலும் குமிழ் போன்ற வெற்றிடங்களை உண்டாக்குகிறது. குஞ்சுகள் நிறம் கறுத்து, நீரில் சுழன்று சுழன்று நீந்தி, சில நாட்களிற் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. முதற் சில வாரங்களில் குஞ்சின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகும் அமைப்பே முதிர்ந்திராது. எனவே அவ்வயதில் தடுப்பூசியாலும் பயனில்லை.

அக்குஞ்சோ உணவு உருண்டையை உண்ணாது. உயிருள்ள இரையையே பற்றும். பொரித்த மூன்றாம் நாள் அளவில் ரோடிபர் என்னும் நுண்ணுயிரையும், பின்னர் ஆர்ட்டீமியா என்னும் உப்பளப் பூச்சியின் குஞ்சையும் அதற்கு இரையாக இடுகின்றனர். ஆகவே கொடுவாக் குஞ்சுக்குச் சேர வேண்டிய சத்தை அதன் இரைக்கு முதலில் ஊட்டுகின்றனர். மீன் எண்ணெய், வைட்டமின்கள் ஆகியவற்றின் பால்மத்தில் ரோடிபர்களைச் சில மணிநேரம் விட்டுவைத்தால், அவை வயிறு நிறைய அதை உட்கொள்ளும். உடனே எடுத்துக் குஞ்சுகளுக்கு இட வேண்டும். தாமதித்தால் அவை தாமே அச்சத்தைச் செரித்துவிடும். பொரிப்பகத்தில் விடியற்காலையில் நடக்கும் இவ்வேலையின் நேர ஒழுங்கே சில சமயம் ஒரு தொட்டிக் குஞ்சுகளின் விதியைத் தீர்மானிக்கிறது. எனினும் இந்நோய் தாய் மீனிலிருந்து முட்டை வழியாகவும் வருவதால், வைரஸ் இல்லாத தாய் மீன்களைத் தேர்ந்தெடுப்பதும், முட்டைகளை ஓசோன் கலந்த நீரில் கழுவுவதும் இரை ஊட்டத்தினும் முந்திய கடமைகளாம். தாய் மீன்களுக்கும் ஓரளவு வளர்ந்த குஞ்சுகளுக்கும் உதவக்கூடிய தடுப்பு மருந்தொன்றை மேற்கூறிய நிறுவனத்தாரே ஆக்கியுள்ளனர்.

வளர்ந்த மீன்களுக்கு உணவிற் கலக்கும் முறையிலும் கவனம் தேவை. குளத்தில் மொத்தம் 1,000 கிலோ எடையுள்ள மீன்கள் இருப்பதாகவும், அவை நாளொன்றுக்குத் தம் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு உண்பதாகவும் கொள்வோம். நாள் உணவு 30 கிலோ. கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் குளுக்கான் சேர்த்தால் நாளொன்றுக்கு 30 கிராம். முப்பது நாட்களுக்கு 900 கிராம். இந்த 30 கிராம் தூளை 30 கிலோ உணவில் ஒரு பிடியாகத் தூவிக் கிளறினால், சில மீன்களுக்கு மிகையாகவும் பலவற்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, அதைச் சிறிதளவு மீன் எண்ணெயுடன் சேர்த்து உருண்டைகளின்மீது பூசி, நிழலில் உலர்த்தி இடுவது நலம். ஆந்திர மாநிலத்தின் கொல்லேறுப் பகுதியில் தவிடும் புண்ணாக்கும் துளையிட்ட பைகளில் நிரப்பப்பட்டு மூங்கிற் கழிகளில் தொங்கவிடப்படுகின்றன. கெண்டைகள் துளைகளில் வாய் வைத்து உண்கின்றன. தீனி வீணாகாத சிக்கனமான முறை அது. ஆனால் அப்பையில் நீரிற் கரையும் வைட்டமின்களைக் கலந்தால், அவை மீனின் வயிற்றை அடைவதற்கு முன் குளத்தைச் சேர்ந்துவிடும்.

இப்பொருளால் என் குளம் பிழைத்தது என்று ஒருவர் கூறும்போது அதை எப்படி மதிப்பிடுவது? நோய் வராத குளங்கள் சத்துப் பொருள் இடாதவர்களிடமும் உண்டு. கடற்படையினரை வாட்டிய ஸ்கர்வி நோயைப் பற்றிக் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747ஆம் ஆண்டில் கையாண்ட முறையே இங்கும் வழி காட்டும். ஒரே கப்பலில், ஒரே வகை உணவு உண்ட நோயாளிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவர் மற்றவரினும் விரைவிற் தேறினர். பிற்காலத்தில் வைட்டமின் சி என்று பெயர் பெற்ற பொருளே அவர்களைக் காத்தது. இரண்டு குளங்கள் ஒருபோதும் ஒன்றாயிரா. ஆகவே ஒரே குளத்தினுள் ஹாப்பா என்னும் வலைப் பெட்டிகள் நான்கைந்தைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கைக் குஞ்சுகளை விட்டு, பாதிப் பெட்டிகளுக்குச் சத்துப் பொருள் கலந்த உணவையும் மறு பாதிக்குக் கலவாத உணவையும் இட்டு, இறந்தவற்றை நாள்தோறும் எண்ணிக் குறித்துவரலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டை விலைக்கு மேற்படாது. கூட்டுறவாகச் செய்தால் ஊர் முழுவதற்கும் விடை கிடைக்கும்.

நோய் கண்டுவிட்ட பின் உணவைக் குறைத்துவிட வேண்டும். உண்ணாத உணவு அழுகி நீரின் ஆக்சிஜனைக் குடித்து, பிழைக்கக்கூடிய மீன்களையும் நலிவிக்கும். சாகும் தறுவாயிலுள்ள மீன்களின் மூளை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் துண்டுகளைத் தூய எத்தனாலில் இட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் வைரஸ் இன்னதென்று அறியலாம். நீர்வாழ் உயிரின நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மீன் வளர்ப்போர் தாமே கைபேசி மூலம் நோய்ச் செய்தியைத் தெரிவிக்கும் வசதி 2023ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இறந்த மீன்களைச் சுண்ணாம்பிட்டுக் குழியிற் புதைக்க வேண்டும். அக்குளத்து நீரை வாய்க்காலில் திறந்துவிடலாகாது. அங்கு இழுத்த வலையைக் கிருமிநீக்கி, வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே அடுத்த குளத்தில் இறக்க வேண்டும்.